காரணம் சொல்லாமல் மூடிக்கொள்ளும் விண்டோஸ்: ஃபார்மேட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

யாங்கோனில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் போய் "தானாவே மூடிக்குதுண்ணே" என்று சொன்னாலும் முதலில் வரும் பதில் "ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பதுதான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. விண்டோஸை மறுபடி ஏற்ற எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்குத் தெரியும், காரணத்தைத் தேட எவ்வளவு நேரமாகும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஃபார்மேட் அடித்தால் பிரச்சினை போகிறதோ இல்லையோ, அது ஏன் வந்தது என்பதற்கான தடயம் மொத்தமும் போய்விடும். ராம் (நினைவகம்) கெட்டிருந்தாலோ மின்சாரம் சரியில்லாவிட்டாலோ புதிதாக ஏற்றிய விண்டோஸும் அதே மாதிரிதான் விழும்.

எரிச்சல் வருவது நியாயம்தான். பாதி அடித்த பில், சேமிக்காத அழைப்பிதழ், திரையில் "சம்திங் வென்ட் ராங்" என்று ஒரு வரி. ஆனால் விண்டோஸ் உண்மையில் காரணத்தைச் சொல்லாமல் இருப்பதில்லை. நம் கண்ணில் படாத இடத்தில் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். அதைப் போய்ப் படிப்பதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும்தான் இங்கே சொல்லப்போகும் வேலை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

எந்த மாதிரி விழுகிறது?

"கிராஷ்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். நாலு வகை உண்டு, நாலுக்கும் வழி வேறு.

ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொள்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அந்த மென்பொருளோ அதற்குள் நுழைந்த வேறொன்றோ காரணம். எல்லாமே உறைந்து மவுஸும் நகராவிட்டால் வட்டு, டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்), சூடு ஆகிய மூன்றின் பக்கம் பாருங்கள். பிழைச் செய்தியோடு நீலத் திரை வந்தால் டிரைவரோ வன்பொருளோ. (விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் அது கறுப்புத் திரையாகிவிட்டது. நிறம்தான் மாறியது, விஷயம் அதேதான்.) எந்தத் திரையும் வராமல் பட்டென்று அணைந்து போனால் மின்சாரமும் பவர் சப்ளையும்தான் முதல் சந்தேகம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கரண்ட் லைனில் ஓடியதா இன்வெர்ட்டரில் ஓடியதா என்று ஒரு வரி எழுதுங்கள். கடைசிக் கேள்வி வேறு ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருக்காது. நமக்கு அதுதான் முக்கியம்.

கரண்டிலிருந்து தொடங்குங்கள்

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் டிரைவர் அப்டேட்டில் ஆரம்பிக்கும். பர்மாவில் இருப்பவர் அப்படி ஆரம்பிக்க முடியாது. முறை வைத்து வந்து போகும் மின்சாரம், வந்ததும் தெருவெங்கும் "மீ லா பி" (கரண்ட் வந்தாச்சு) என்ற குரல், அந்த நிமிடமே எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒன்றாக ஓட ஆரம்பிப்பது, மாலையில் 230 வோல்ட் வர வேண்டிய லைனில் விளக்கு மங்கி எரிவது. இத்தனையும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான் போகிறது.

விவரம் இதுதான். மேசைக் கணினியின் பவர் சப்ளை, உள்ளே வரும் மின்சாரம் நின்றால் முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. கம்ப்யூட்டருக்கென்று செய்த யுபிஎஸ் பொதுவாக 10 மில்லி நொடிக்குள் மாறிவிடும். விசிறிக்கும் விளக்குக்கும் வாங்கிய வீட்டு இன்வெர்ட்டர் அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். பல இன்வெர்ட்டர்களில் "யுபிஎஸ் மோட்" என்று ஒரு சுவிட்சோ அமைப்போ இருக்கிறது, அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். அப்புறம் அலை வடிவம். சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் சில நல்ல பவர் சப்ளைகள்கூடத் தடுமாறும். பவர் சப்ளையே பழையதாகி உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் அந்த 16 மில்லி நொடியும் கிடைக்காது. லைனில் ஒரு சின்ன ஆட்டம், ஸ்டெபிலைசரில் ஒரு "டக்" சத்தம், அவ்வளவில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

இதைச் சோதிப்பது சுலபம். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியிலேயே வழக்கமான வேலையைச் செய்யுங்கள். விழுவது நின்றுவிட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. மேசைக் கணினி என்றால் வேறு பவர் சப்ளை மாட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் மின்சாரம் ஓரளவு ஒழுங்காக வரும் வேறொரு வீட்டில் ஓட்டிப் பாருங்கள்.

விண்டோஸ் எழுதி வைத்திருப்பதையும் பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் "ஈவென்ட் வியூவர்" தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே "கெர்னல்-பவர்", எண் 41 என்று ஒரு பதிவு இருக்கும். ஒழுங்காக மூடப்படாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்பது அதன் பொருள். அதைத் திறந்து டீடெய்ல்ஸ் பக்கத்தில் "பக்செக் கோட்" என்ற வரியைப் பாருங்கள். 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுத அவகாசமே கிடைக்கவில்லை: கரண்ட் போயிருக்கும், அல்லது மெஷின் அடியோடு உறைந்திருக்கும். நோட்டில் எழுதிய மணியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "பவர்பட்டன் டைம்ஸ்டாம்ப்" வரியையும் பாருங்கள். அதில் 0 இல்லாவிட்டால் யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. இரவு "ஷட் டவுன்" கொடுத்தால் விண்டோஸ் முழுவதும் மூடுவதில்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற ஏற்பாடு, தன் மையப் பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்து ஓடுகிறது. நேற்றைய கோளாறும் கூடவே எழுந்து வரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் "அப் டைம்" பாருங்கள். தினமும் அணைக்கும் மெஷினில் அது பல நாளைக் காட்டும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் அது தரும் சில நொடி லாபத்துக்கு மதிப்பே இல்லை.

ரிலையபிலிட்டி ஹிஸ்டரி

இது விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் இருக்கிறது, ஆனால் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று அடித்தால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், 1 முதல் 10 வரை மதிப்பெண். ஒவ்வொரு நாளின் கீழும் சிவப்புப் பெருக்கல் குறி என்றால் கிராஷ், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, நீலம் என்றால் அன்று ஏதோ ஏற்றப்பட்டது அல்லது மாற்றப்பட்டது.

மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். முதல் சிவப்புக் குறி எந்தத் தேதியில் விழுந்தது, அதே நாளிலோ முந்தின நாளிலோ நீலக் குறி இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

யாங்கோனுக்குப் பக்கத்துச் சிரியத்தில் கோவில் திருவிழா அழைப்பிதழ் அடிக்கும் ஒரு அண்ணனின் மெஷின். வடிவமைப்பு மென்பொருள் ஒன்று, ஃபாண்ட் பட்டியலைத் திறந்தாலே மூடிக்கொள்ளும். விண்டோஸை மறுபடி ஏற்றியும் சில நாளில் அதே கதை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பழைய ஃபாண்ட் ஃபோல்டரை அப்படியே திரும்பப் போட்டுவிடுவார். ஹிஸ்டரியில் பார்த்தால், தமிழ், பர்மிய ஃபாண்ட்களையும் கீபோர்டையும் சேர்த்து ஏற்றும் ஒரு இன்ஸ்டாலர் ஓடிய நாளன்று நீலக் குறி, மறுநாள் முதல் சிவப்பு. அவர் ஏற்றி வைத்திருந்த ஃபாண்ட்களில் பாதியை வெளியே எடுத்து வைத்து மென்பொருளைத் திறந்தோம். திறந்தது. எடுத்ததில் பாதியைத் திரும்பப் போட்டோம். விழுந்தது. இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனதில் கெட்டுப்போன ஒரே ஒரு பழைய தமிழ் ஃபாண்ட் கோப்பு மாட்டியது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

நமக்கு இது அடிக்கடி வரும். யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய தமிழ் ஃபாண்ட்கள், ஸாஜி என்ற பழைய பர்மிய ஃபாண்ட், 2019 அக்டோபர் 1 முதல் பர்மா அதிகாரபூர்வமாக மாறிய யூனிகோட் ஃபாண்ட்கள் எல்லாம் ஒரே மெஷினில் கிடக்கின்றன. கூடவே தமிழுக்கு ஒரு கீபோர்ட் மென்பொருள், பர்மியத்துக்கு இன்னொன்று. இந்த வகை மென்பொருள்களில் பல, ஓடும் ஒவ்வொரு மென்பொருளின் விசைத் தட்டலையும் இடையில் பிடித்து மாற்றித் தருபவை. இரண்டு ஒரே நேரத்தில் பிடித்தால் தகராறு வராமல் இருக்காது. விண்டோஸிலேயே தமிழுக்கும் பர்மியத்துக்கும் கீபோர்ட் இருக்கிறது. ஒரு வாரம் அதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

மூன்று வரிகளைப் படிப்பது

சிவப்புக் குறியில் "டெக்னிகல் டீடெய்ல்ஸ்" திறந்தால் (ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதி, எண் 1000 என்பதும் இதுதான்) நிறைய வரி இருக்கும். மூன்று போதும்: எந்த மென்பொருள் விழுந்தது, எந்த மாட்யூலில் (அது பயன்படுத்தும் துணைக் கோப்பு) விழுந்தது, எக்ஸெப்ஷன் கோட் (பிழை எண்) என்ன.

மாட்யூல் என்ற இடத்தில் "என்டிடிஎல்எல்" அல்லது "கெர்னல்பேஸ்" என்று இருந்தால் உடனே விண்டோஸைத் திட்ட வேண்டாம். அது விபத்து நடந்த தெருவின் பெயர், வண்டி ஓட்டியவரின் பெயர் இல்லை. எல்லா மென்பொருளும் அந்த வழியாகத்தான் போகின்றன. ஒரு பிரிண்டர் டிரைவரின் பெயரோ, ஆன்ட்டிவைரஸின் பெயரோ, கீபோர்டின் பெயரோ வந்தால் அதுதான் பிடி.

கோடில் சி0000005 என்பதே அதிகம் வரும். தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை மென்பொருள் தொட்டிருக்கிறது. சி0000006 என்றால் வட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ வர வேண்டிய பகுதி வந்து சேரவில்லை, மென்பொருளை விட்டுவிட்டு வட்டைச் சோதியுங்கள். சி0000374 கொஞ்சம் ஏமாற்றும். நினைவகம் முன்பே எங்கோ கெட்டுப்போய், இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்று பொருள், அதனால் விழுந்த இடத்தில் குற்றவாளி இருக்க மாட்டான். இ0434352 என்றால் டாட்நெட்டில் எழுதிய மென்பொருள், பில்லிங் மென்பொருள்கள் பல இந்த ரகம். பக்கத்திலேயே எண் 1026 என்று இன்னொரு பதிவு இருக்கும், அதில் பிழை இன்னும் தெளிவாக இருக்கும்.

கோடைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஒரே மென்பொருள், ஒரே மாட்யூல், ஒரே கோட் என்று திரும்பத் திரும்ப வருகிறதா, இல்லை இன்று பிரவுசர், நாளை எக்செல், மறுநாள் வீடியோ பிளேயர் என்று இடம் மாறி மாறி வருகிறதா? ஒரே இடமென்றால் மென்பொருள். சிதறி வந்தால் ராம், சூடு, மின்சாரம், வட்டு. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே தேடும் வேலை பாதியாகிவிடும்.

நீலத் திரை

திரையில் கியூஆர் படம் வந்தால் அதை ஸ்கேன் செய்து நேரத்தைக் கழிக்காதீர்கள், பொதுவான ஒரு உதவிப் பக்கத்துக்குத்தான் போகும். ஸ்டாப் கோடை (அந்தத் திரையில் வரும் பிழைப் பெயர்) போனில் படம் எடுங்கள். எடுப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆனால், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி போய் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" குறியை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் "ஸ்மால் மெமரி டம்ப்" (விழுந்த நேரத்து நினைவகத்தின் சின்ன நகல்) தேர்ந்தெடுங்கள். சி டிரைவில் இடமும் பேஜிங் ஃபைலும் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்திருக்கும் கோப்பு) இருந்தால்தான் டம்ப் எழுதப்படும். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜிங் ஃபைலை நிறுத்தியவர்களிடம் டம்ப் இருக்காது.

டம்ப் கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் "மினிடம்ப்" என்ற இடத்தில் சேரும். நிர்சாஃப்டின் "புளூஸ்கிரீன்வியூ" இலவசம், சின்னக் கோப்பு, ஏற்ற வேண்டியதுகூட இல்லை. எந்த டிரைவர் சந்தேகத்துக்குரியது என்று காட்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் டம்பை ஆராயும் மைக்ரோசாஃப்டின் "வின்டிபிஜி".

பெரும்பாலும் மாட்டுவது டிரைவர்தான். விண்டோஸ் 98-ஐ அறிமுகப்படுத்திக் காட்டும் மேடையில், 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில், பில் கேட்ஸ் நின்றுகொண்டிருக்கும்போதே நீலத் திரை வந்ததும் ஒரு ஸ்கேனரைச் செருகியபோதுதான். 2024 ஜூலை 19-இல் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தபோது எல்லோரும் விண்டோஸைத்தான் திட்டினார்கள். காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட் கோப்பு. இந்த வகை மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதிக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது, அது தவறினால் மெஷினே விழும். ஆகவே இரண்டு ஆன்ட்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை இன்றே எடுத்துவிடுங்கள். விண்டோஸ் டிஃபெண்டர் மட்டும் இருந்தாலே போதும்.

கிராபிக்ஸ், வைஃபை டிரைவர்களை மெஷின் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வருவது எதுவும் வேண்டாம்.

வட்டு, ராம், சூடு

வட்டின் நிலையைக் காட்ட "கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற மென்பொருள். நீலம் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் அவசரம். மஞ்சள் காட்டினால் முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுங்கள், அப்புறம்தான் செக் டிஸ்க் (வட்டுப் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவி). சாகக் கிடக்கும் வட்டை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். இந்த வரிசையை மாற்றிச் செய்து குடும்பப் படங்களை இழந்தவர்கள் உண்டு.

ராமுக்கு விண்டோஸிலேயே "மெமரி டயக்னாஸ்டிக்" இருக்கிறது, ஆனால் நான் "மெம்டெஸ்ட்86 பிளஸ்" தான் சொல்வேன். பென் டிரைவில் ஏற்றி, கரண்ட் நீண்ட நேரம் இருக்கும் முறையில் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். இரண்டு துண்டு இருந்தால் ஒன்றொன்றாக மாட்டிச் சோதியுங்கள். பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

சூட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) வரும் கோடை மாதத்தில் மட்டும் விழுந்து மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடும் மெஷினைத் திறந்து தூசி தட்டுங்கள், சிபியு பேஸ்ட்டை மாற்றுங்கள்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள்

அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போவதும் நமக்குப் புதிதில்லை. அப்போது கெடுவது இவைதான். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் டிஐஎஸ்எம் கருவியை "ரெஸ்டோர்ஹெல்த்" கட்டளையோடு ஓட்டுங்கள், அதன் பிறகு எஸ்எஃப்சி கருவியை "ஸ்கேன்நவ்" கட்டளையோடு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி கெட்ட கோப்புக்குப் பதில் நல்லதை எடுப்பது விண்டோஸின் உள் கிடங்கிலிருந்து, அந்தக் கிடங்கைச் சரிசெய்வது டிஐஎஸ்எம். கிடங்கே கெட்டிருந்தால் எஸ்எஃப்சியால் எதுவும் முடியாது.

டிஐஎஸ்எம் தனக்கு வேண்டியதை இணையத்திலிருந்து இறக்கும். மொபைல் டேட்டாவில் அது நடுவில் நின்றுவிடும். அதனால் உங்கள் பதிப்புக்கே உரிய விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பு (விண்டோஸை ஏற்றுவதற்கான முழுத் தொகுப்பு) ஒன்றை, நல்ல இணைப்புள்ள இடத்தில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து "செட்டப்" ஓட்டி, கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் மட்டும் புதிதாகும். கடையில் அடிக்கும் ஃபார்மேட்டுக்குப் பதில் பெரும்பாலும் இதுவே போதும். பேட்டரி நிறைந்த பிறகு ஆரம்பியுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா?

"சிஸ்டம் கான்ஃபிகரேஷன்" திறந்து, சர்வீஸஸ் பக்கத்தில் முதலில் "ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீஸஸ்" குறியைப் போடுங்கள், அப்புறம் மீதி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலையும் நிறுத்தி ரீஸ்டார்ட் கொடுங்கள். கிராஷ் நின்றால், ஃபாண்டுக்குச் செய்த அதே பாதி பாதி முறையில் திரும்பப் போட்டுக்கொண்டே வாருங்கள். அந்த "ஹைட்" குறியை மறந்தால் வைஃபையும் ஒலியும் போய் இன்னொரு தலைவலி வரும்.

கிராக் (காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட வைக்கும் வழி) பற்றி ஒரு வார்த்தை. யாங்கோனின் மொகல் தெருவிலிருந்து மோல்மேன் நகரம் வரை காசு கொடுத்து வாங்கிய விண்டோஸைப் பார்ப்பது அபூர்வம், எனக்கும் தெரியும். ஆனால் கிராக் போட்ட மென்பொருள் என்பது உள்ளே யாரோ கைவைத்த மென்பொருள். அது விழுந்தால் காரணம் தேடுவதில் அர்த்தமில்லை, தேட உதவும் ஆளும் கிடைக்க மாட்டார். டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும் கிராக் இருந்த மெஷினில் மட்டும், நான் மற்ற எதையும் பார்க்காமல் முழு ஃபார்மேட்தான் சொல்வேன். அழைப்பிதழுக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆஃபிஸ், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மென்பொருள் செய்தவருக்கு எழுதும்போது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஒரே மென்பொருள் ஒரே இடத்தில் விழுந்தால், அதைச் சரிசெய்ய வேண்டியவர் அதை எழுதியவர். "அடிக்கடி கிராஷ் ஆகிறது" என்று எழுதினால் பதில் வராது. விண்டோஸ் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு, அந்த மூன்று வரிகள், எதை அழுத்தினால் விழுகிறது என்று வரிசையாக எழுதுங்கள். மூடிக்கொள்ளாமல் உறைந்து நின்றால் டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் வலது கிளிக் செய்து டம்ப் கோப்பு எடுக்கலாம். அனுப்பும் முன் ஒரு எச்சரிக்கை: அந்த டம்புக்குள் அப்போது திறந்திருந்த ஆவணத்தின் வரிகளும் இருக்கும். கடைக் கணக்கோ, யாருடைய அடையாள அட்டையோ திறந்திருந்தால் மென்பொருளையே மூடித் திறந்து, ஒரு வெற்று ஆவணத்தில் மறுபடி உறைய வைத்து எடுத்த டம்பை அனுப்புங்கள்.